பொந்துக்குள் ஒரு வானிலை

செங்கல்பட்டு மாவட்டத்தில் விலங்குகளுக்காக மனிதர்கள் அமைத்துக் கொடுத்த வீடுகளில் எளிமையானது வடநெம்மேலியில் இருக்கிறது. ஒரு மண்பானை, அடியில் கொஞ்சம் மணல், வாயை மூடிய பருத்தித் துணி, அதைச் சுற்றி இறுகக் கட்டிய கயிறு. உள்ளே ஒரு நல்ல பாம்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில், எல்லோரும் முதலைப் பண்ணை என்று சொல்லும் சென்னை முதலைக் காப்பக வளாகத்துக்குள் இந்தப் பானைகள் வரிசையாக இருக்கும். இவை 1978-இல் பதிவு செய்யப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானவை.

“பானைக்குள்ள மூச்சு முட்டாதாண்ணா?” என்பது அங்கே பிள்ளைகள் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அது மனித உடம்பிலிருந்து பிறந்த கேள்வி. பாம்பு தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவை எரிப்பதில்லை. அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்குத் தேவைப்படும் ஆக்சிஜனில் சிறு பங்கே அதற்குப் போதும். துணியின் இழைவழியே நுழைகிற காற்று தாராளம்.

விஷமெடுக்கும் நாளில் துணியை அவிழ்த்துப் பானையை மெல்லச் சாய்ப்பார்கள். கொக்கிக் கம்பியால் பாம்பைத் தூக்கி, தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் கடிக்க விடுவார்கள். நச்சுப்பல் சவ்வைத் துளைத்ததும் மஞ்சள் நிறத்தில் சில துளிகள் கண்ணாடியில் வழியும். அதை உறையவைத்து உலர்த்தினால் தூள். அந்தத் தூள்தான் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். வேலை முடிந்ததும் பானையின் வாயைக் காட்டினால், பாம்பு பெரும்பாலும் அடம்பிடிப்பதில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள சிமெண்டுத் தரையைவிட இருட்டான அந்தத் துவாரமே அதற்குப் பாதுகாப்பு.

இந்தப் பானையை வைத்தே இன்னொரு விலங்கின் வீட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். அதன் பெயர் ஃபெரெட். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பு விலங்காகப் பெயர் வாங்கி, இணையப் படங்கள் வழியாக நம் ஊர் இளைஞர்களின் ஆசைப் பட்டியலிலும் ஏறிவிட்ட பிராணி. முதன்முறை வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்பது, “எந்தக் கூண்டு நல்லது?” என்றுதான். பானையைக் கவனித்துப் பார்த்தவருக்கு அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்று புரியும். விலங்குக்கு நாம் அமைத்துக் கொடுப்பது ஒரு வானிலையை. அதைச் சுற்றி நிற்கும் சுவர்தான் கூண்டு.

மண்ணுக்கடியில் மே மாதம்

நல்ல பாம்பு சொந்தமாக வளை தோண்டுவதில்லை. வயல் வரப்பில் எலி தோண்டிய பொந்தில் நுழைந்து, எலியையும் தின்று, அதன் வீட்டிலேயே குடியிருக்கும். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் நெல் வயல்களிலும் இருளர்கள் பாம்பைத் தேடுவது இந்த வளைகளில்தான். உதிர்ந்த சட்டை, எச்சம், மண்ணில் பதிந்த தடம் ஆகியவற்றை வைத்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த வளைக்குள் அப்படி என்ன இருக்கிறது? கத்திரி வெயிலில் மண்ணின் மேற்பரப்பில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆனால் பகலில் மண்ணில் இறங்கும் சூடு மெதுவாகத்தான் கீழே நகரும். அது போய்ச் சேருமுன் இரவு வந்து மேற்பரப்பு குளிர்ந்துவிடும். இந்த வெப்ப ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒவ்வொரு 10, 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரு முழ ஆழத்தில் பகலும் இரவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொந்து என்பது கதவில்லாத குளிர்சாதன அறை. அதன் காற்றில் ஈரமும் இருக்கும். உடம்பின் நீர் வற்றாது.

பானை இந்தப் பொந்தின் சுருக்கமான நகல். கூரை நிழலில் வைத்த தடித்த மண்சுவர், வெப்பம் சட்டென்று ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. இருட்டு இருக்கிறது. சுருண்டு படுத்தால் உடம்பு சுவரைத் தொடுகிற அளவில் இடமும் இருக்கிறது. ஒளிவிடம் இல்லாத விசாலமான கண்ணாடிப் பெட்டி நமக்குப் பெருந்தன்மையாகத் தெரியலாம். அதில் பாம்பு மூலையை மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கும்.

வெப்பநிலை ஒரு விலங்குக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதே வளாகத்தின் முதலைகளே சாட்சி. ரோமுலஸ் விட்டேக்கரும் அவரது குழுவினரும் 1976-இல் இந்தக் காப்பகத்தைத் தொடங்கியபோது, இந்தியாவில் முதலைகள் அருகிவந்தன. கொண்டுவந்த நன்னீர் முதலைகளுக்குக் குளத்தோடு மணல் மேடும் கிடைத்தது. பெண் முதலை அதில் குழிபறித்து முட்டையிடும். ஒரே பருவத்தில் அது இரண்டு முறை முட்டையிடக்கூடும் என்று பதிவு செய்யப்பட்டதும் இங்கேதான். ஜெஃப்ரி லேங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக வைத்த முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே வந்தன; 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள். முதலைக்கு ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் மகள் மகனாகிறாள். குளத்தின் நீள அகலத்தை மட்டும் கணக்கிட்டு முதலைப் பண்ணை கட்டியிருந்தால் இந்த ரகசியம் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஐரோப்பாவின் வளைவாசி

ஃபெரெட்டை முதலில் பார்ப்பவர், “கீரிப்பிள்ளையா?” என்று கேட்பார். தோற்றத்தில் ஒற்றுமை உண்டு, உறவு தூரம். கீரி பூனையின் கிளைக்கு நெருக்கமானது. காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபெரெட், நீர்நாய்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் பழக்கி எடுத்த பிராணி. புடலங்காய்க்குக் கால் முளைத்த உடம்பு. பெண் ஒரு கிலோவுக்குள், ஆண் இரண்டு கிலோ வரை.

அந்த உடம்பு முயல் வளைக்கென்றே அமைந்தது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, ஸ்பெயினில் முயல் தொல்லையை ஒழிக்க இத்தகைய விலங்கை வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விட்டதை எழுதியிருக்கிறார். பயந்த முயல் மறுவாசல் வழியே ஓடிவந்து வலையில் விழும். இங்கே எலி வளைக்கு இருளர்கள் செய்வதும் இதே வேலைதான். ஓட்டைப் பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, புகையை வளைக்குள் ஊதி, எலியை வெளியேற்றுவார்கள். அங்கே ஒரு விலங்கு செய்ததை இங்கே புகை செய்கிறது.

இரண்டும் வளைவாசிகள்தாம். பிறகு ஏன் நல்ல பாம்புக்குச் சரிப்பட்ட பானை ஃபெரெட்டுக்குச் சரிப்படாது? விடை மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆழ்ந்த மண்ணின் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். தெற்கு இங்கிலாந்தில் அது ஏறக்குறைய 10 டிகிரி. சென்னை, செங்கல்பட்டுக் கரையில் 28-க்கும் மேல். அதாவது, மாமல்லபுரத்தில் எவ்வளவு ஆழமாக வளை தோண்டினாலும் ஐரோப்பிய வளையின் குளிர்ச்சி கிடைக்காது. நம் ஊர் மண்ணின் மிகக் குளிர்ந்த பொந்தே ஃபெரெட்டுக்கு ஆபத்து தொடங்குகிற எல்லையில் இருக்கிறது.

ஃபெரெட்டுக்கு இதமான வெப்பநிலை 15 முதல் 24 டிகிரி வரை. 27-ஐத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். 30-க்கு மேல் வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கலாம். தோலில் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. அடர்ந்த ரோமம் வேறு. இதனால்தான் “ஃபேன் போட்டுவிட்டேன்” என்பது பலன் தராத ஏற்பாடு. மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்கி நம்மைக் குளிர வைக்கிறது. வியர்க்காத விலங்கின் மேல் அது வெறும் சூடான காற்றை வீசும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால்தான். கடலோரப் புழுக்கத்தில் அந்த வித்தையும் பாதி வேலைதான் செய்யும். ஈரத்துணி, ஏர்கூலர் எல்லாம் இதே கணக்கில் தோற்கும்.

அறையை ஏற்பாடு செய்தல்

ஆகவே முதல் செலவு கூண்டுக்கு அல்ல. மேற்கு வெயில் சுவரில் விழாத ஓர் அறை, அதில் ஏ.சி. மார்ச் தொடங்கி செப்டம்பர் தாண்டியும் அது பகலில் நிறுத்தமில்லாமல் ஓட வேண்டும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் விளக்கையும் விசிறியையும்தான் தாங்கும். அதனால் உறைவிப்பானில் எப்போதும் சில பாட்டில் தண்ணீர் கட்டியாக இருக்கட்டும். மின்சாரம் நின்றவுடன் அவற்றைத் துண்டில் சுற்றிப் படுக்கையருகே வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். வாயைத் திறந்து மூச்சிரைப்பது, துவண்டு கிடப்பது, ஈறு கருஞ்சிவப்பாவது எல்லாம் வெப்பத்தாக்கின் அறிகுறிகள். ஐஸ் தண்ணீரில் முக்காமல், சாதாரணக் குளிர்ந்த நீரால் உடம்பையும் பாதங்களையும் நனைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அடுத்தது இருட்டு. ஃபெரெட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். தொங்கும் துணி ஊஞ்சல், பழைய டீ-சர்ட் திணித்த மூடிய பெட்டி ஆகியவை அதற்குப் பொந்து. இருட்டு தூக்கத்துக்கு மட்டும் தேவைப்படுவதன்று. அதன் இனப்பெருக்க ஹார்மோன்கள் பகலின் நீளத்தை அளந்தே ஏறி இறங்குகின்றன. ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தொடும். குளிர்காலத்தில் எட்டு மணி நேரமாகச் சுருங்கும். நம் கரையில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும். அதன் மேல் கூடத்து டியூப்லைட்டை இரவு 11 மணி வரை எரித்தால், விலங்கின் உடம்பு ஓயாத கோடை என்று நம்பிவிடும். மாலை ஆனதும் அறையை இருட்டாக விடுவது நல்லது.

பெண் ஃபெரெட்டின் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. இணை சேராவிட்டால் அதற்குக் கருமுட்டை வெளிப்படாது. பருவம் மாதக்கணக்கில் நீளும். ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து சுரந்து எலும்பு மஜ்ஜையை முடக்கும். ரத்தசோகையில் அது சாகும். கருத்தடை அறுவையோ, தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியோ இல்லாமல் பெண் ஃபெரெட்டைத் தனியே வளர்க்கக் கூடாது.

கூண்டு இப்போது வரலாம். பல தட்டு உள்ள உயரமான கம்பிக்கூண்டு நல்லது. கம்பித்தரை பாதத்தைப் புண்ணாக்கும். மேலே துணியோ வழவழப்பான பலகையோ விரிக்க வேண்டும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பதால், இரண்டு விரல் அகல இடைவெளிகூட வாசல்தான். குளியலறைச் சாக்கடை வாய், ஃபிரிட்ஜின் பின்பக்கம், சோபாவின் அடிக்கிழிசல், வாஷிங் மெஷின் உள்ளே என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் அதைத் தரையில் விட வேண்டும். தினமும் சில மணி நேரமாவது அது வெளியே ஓடியாட வேண்டும். ரப்பர் செருப்பு, டி.வி. ரிமோட்டின் பட்டன், ஸ்பாஞ்ச் எல்லாம் அதற்குத் தின்பண்டம். துண்டு ரப்பர் குடலை அடைத்தால் அறுவைசிகிச்சைதான்.

மலங்கழிக்க அது மூலைக்குப் பின்வாங்கிப் போகும். எனவே மூலைகளில் தட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை நீங்கள்தான் துடைக்க வேண்டும். கஸ்தூரி கலந்த ஒரு வாடை அதன் தோலிலேயே உண்டு. அடிக்கடி குளிப்பாட்டினால் எண்ணெய் கூடச் சுரந்து வாடை இன்னும் ஏறும். ஏ.சி.க்காக அடைத்து வைத்த அறையில் அந்த வாடை எப்படி இருக்கும் என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

உணவில் சமரசம் கிடையாது. அதன் குடல் குட்டையானது. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். நார்ச்சத்தைச் செரிக்கும் குடல்பையே அதற்கு இல்லை. தயிர்சாதம், பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் ஆகாது. இறைச்சி, உறுப்பிறைச்சி, எலும்பு, இல்லாவிட்டால் இறைச்சிப் புரதம் மிகுந்த பிரத்யேகத் தீவனம். அதுவும் நாளெல்லாம் சிறுகச் சிறுக. சைவச் சமையல் வீடு என்றால் இந்த ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தும்மலும் தெருநாயும்

வீட்டு வானிலையில் கிருமியும் ஒரு பகுதி. 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோர் மனித இன்ஃபுளுயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது ஃபெரெட்டின் உதவியால்தான். காய்ச்சல் நோயாளியின் தொண்டை நீரை மூக்கில் விட்டதும் அவை நம்மைப் போலவே தும்மின, காய்ச்சலில் விழுந்தன. இன்றைக்கும் ஃப்ளூ ஆய்வில் ஃபெரெட்டே முக்கிய விலங்கு. வளர்ப்பவருக்கு இதில் பாடம் ஒன்று உண்டு. நமக்கு ஜலதோஷம் என்றால் அதைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. வேறொருவர் தீனி வைக்க வேண்டும்.

இதைவிடக் கொடியது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய். தடுப்பூசி போடாத ஃபெரெட்டுக்கு அது வந்தால் ஏறக்குறைய மரணம் உறுதி. தெருநாய்கள் நிறைந்த நம் ஊரில், வெளியே போட்ட செருப்பை அந்த அறைக்குள் கொண்டுபோகாமல் இருப்பதும் வீடமைப்பின் ஒரு விதி. வாங்குமுன் ஃபெரெட்டைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது என்றாலும், அவசரத்தில் ஈ.சி.ஆர். நெரிசலில் அங்கே போய்ச்சேர எத்தனை நேரமாகும் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

வெளியேறும் வழி

பானைக்கு ஒரு பெருமை உண்டு. பாம்பு உள்ளே போகும்போதே வெளியே வரும் நாளும் ஏறக்குறைய முடிவாகிவிடும். மூன்று, நான்கு வாரங்கள் வைத்திருந்து, சில முறை விஷமெடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் செதில் தழும்பு இருக்கும் வரை அதே பாம்பு மறுபடி சிக்கினாலும் எடுக்க மாட்டார்கள். 1970-களில் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து பிழைப்பு இழந்த மக்கள், கொல்லாமலே பாம்பால் பிழைக்கும் வழி இது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சாவைத் தடுக்கும் மருந்தின் வேர் இந்தப் பானைகளில் இருக்கிறது.

வெளியேறும் வழியை யோசிக்காத வீடுகள் என்ன செய்யும் என்பதை அதே இருளர்கள் நேரில் பார்த்தார்கள். 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புநிலத்தில் பெருகி, பாலூட்டிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். அந்தப் பாம்புகள் செல்லப்பிராணிச் சந்தை வழியே வந்தவை. வளர்ந்து பெரிதானதும் கைவிடப்பட்டவையும் தப்பியவையுமாகக் காட்டுக்குள் பரவியவை. ஆசையாய் வாங்கியவர்கள் விட்ட பிழையைத் தீர்க்கச் செங்கல்பட்டுக்காரர்கள் கடல் கடந்து போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஃபெரெட்டுக்கும் இதே கதை நியூசிலாந்தில் உண்டு. முயலை ஒழிக்க 1880-களில் கொண்டுபோய் விட்டார்கள். முயல் ஒழியவில்லை, தரையில் வாழும் கிவிப் பறவைகளை ஃபெரெட் வேட்டையாடியது. 2002 முதல் அங்கே அதை விற்பதும் வளர்த்துப் பெருக்குவதும் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவிலும் வளர்க்கத் தடை. நம் நாட்டில் வெளிநாட்டு உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். தாள்கள் இல்லாமல் “குட்டி இருக்கு சார், நேர்ல வாங்க” என்பவரிடம் வாங்குவது கடத்தலுக்குப் பணம் கட்டுவதாகிவிடலாம்.

ஃபெரெட் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். கல்லூரி மாணவர் வாங்கினால், அவர் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். பெரும்பாலும் அம்மாவின் தலையில்.

வாங்குவதற்கு முன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. காலியான கூண்டை அந்த அறையில் வையுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் வெப்பமானி ஒன்றை அதனுள் தொங்கவிடுங்கள். மே மாதத்தில் ஒரு வாரம், வீட்டில் யாரும் இல்லாத பகல் பொழுதுகளையும் சேர்த்து, விலங்கு உள்ளே இருப்பதாகவே நினைத்து அறையை நடத்துங்கள். மின்வெட்டுகளையும், யாரோ மறந்து ஏ.சி.யை அணைத்த நேரங்களையும் மின்கட்டணத்தையும் எழுதி வையுங்கள். வார முடிவில் அந்த முள் ஒருமுறைகூட 27-ஐத் தாண்டியிருந்தால், உங்கள் வீட்டில் ஃபெரெட்டுக்கு இடமில்லை. இந்தக் கரையில் பெரும்பாலான வீடுகளில் அது தாண்டும்.